எழுபத்திரண்டு கிலோ மணல்

கப்பலில் ஏறின உடனேயே நம்ம எடைமேடைக்காரரை எடை போட்டுவிட்டார்கள்.

முப்பத்தோரு வருஷம் நெடுஞ்சாலை ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்ட மனுஷர் அவர். வெறும் வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு, டிரைவர் இறங்கினாரா இல்லை வண்டிக்குள்ளேயே தூங்குகிறாரா, எல்லாம் முள் அசைகிற அசைவிலேயே சொல்லிவிடுவார். சர்க்கரை வியாதியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்த பிறகு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அப்படிப்பட்டவரையே மேடையில் ஏற்றினார்கள். மடியில் ஒரு பை. அதில் மாத்திரை, பிளாஸ்க், துண்டு, அக்காவுக்கென்று வாங்கிய ஒரு கம்பளிச் சால்வை.

"மடியில பை இருக்குங்க. நாலு கிலோ வரும். இறக்கிட்டுப் போடுங்க" என்றார்.

"எழுபத்திரண்டு. எழுதியாச்சு" என்றார் கரைப் பயண அதிகாரி.

"நான் அறுபத்தெட்டுதாங்க."

"கப்பல்ல நீங்க எழுபத்திரண்டு சார். வீட்டுக்குப் போய் எவ்வளவு வேணா இருந்துக்குங்க."

அவருடைய சொந்த நாற்காலியைப் பாதுகாப்பு கருதி அடித்தளத்தில் பூட்டி வைத்தார்கள். அதற்குப் பதிலாகக் கப்பல் நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். முதுகில் மஞ்சள் அட்டை, எண் பதினாலு.

அவர் எதற்காக இந்தக் கப்பலில் ஏறினார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. நடுவில் போய்த் தவிக்க வேண்டாம். மூன்றாவது துறைமுகம் ஒரு தீவு. அங்கே அவருடைய அக்கா இருக்கிறாள். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதயம் பழுதாகிவிட்டது, இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "போன்ல குரலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. போன்ல தெரியுற முகமெல்லாம் முகமா? நேர்ல கொண்டா" என்றாள் அக்கா. தீவுக்கு விமானம் கிடையாது. வாரத்துக்கு ஒரு சரக்குப் படகு போகும். அதில் வசதி போதாது, நாலு பேர் சேர்ந்து ஆளைக் கையால் தூக்கி இறக்குவார்கள் என்று கேள்விப்பட்டு மகள் பயந்துவிட்டாள். அவள்தான் விளம்பரத் தாளைப் பார்த்து இந்தக் கப்பலைப் பிடித்தாள். 'சக்கர நாற்காலியில் இருப்போருக்கும் எட்டுத் துறைமுகங்கள்' என்று அதில் போட்டிருந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் நாள் காலை நாற்காலிப் பயணிகள் ஒன்பது பேரையும் ஏழாம் தளத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கரை உணர்வு மண்டபம். ஜன்னல்களைத் திறக்க முடியாது. கடல் காற்று வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மின்விசிறி இருந்தது. மூலையில் ஒரு தட்டு நிறைய மணல். கை வைத்துப் பார்க்கலாம். கரைப் பயண அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஒன்பது பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று கேட்காதீர்கள். அது அவருக்காக.

"முன்னாடியெல்லாம் எங்க கப்பல்ல நாற்காலிப் பயணிகளைச் சும்மா அப்படியே இறக்கிடுவாங்க. ரெண்டு பேர் பிடிப்பாங்க, இறக்குவாங்க, அவ்வளவுதான். ஒரு முறை கிடையாது. ஒரு படிவம் கிடையாது. நினைச்சாலே உடம்பு நடுங்குது. அதுக்கப்புறம்தான் எங்க பிரிவை ஆரம்பிச்சாங்க. இன்னைக்குப் பதினோரு பேர் இருக்கோம். பிரிவு ஆரம்பிச்ச நாள்லேருந்து கரையில ஒரு பயணிக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்ல!"

பதினோரு பேரும் கை தட்டினார்கள். ஏன் விழவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

முதல் துறைமுகத்தில் கப்பல் ஆறு மணி நேரம் நின்றது. நடக்கிற பயணிகள் தொப்பியும் கண்ணாடியுமாக இறங்கிப் போனார்கள். துணைக்கு வந்த மகளும் போகலாம் என்றால், துணையாள் பயணியோடுதான் இருக்க வேண்டும் என்பது விதி. மண்டபத்துக்கு மூட்டை தூக்குகிறவர் வந்தார். ஒன்பது பேரையும் நாற்காலியிலிருந்து தூக்கி சோபாவில் உட்கார வைத்தார். பிறகு ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மணல் மூட்டையை உட்கார வைத்து, வாரால் கட்டி, மேலே சாம்பல் நிறத் துணியைப் போர்த்தினார். பயணிகளின் கண்ணியம் கருதி மூட்டைகளுக்குத் தலையும் தோளும் வைத்துத் தைத்திருந்தார்கள்.

"இது என்னங்க?" என்றார் எடைமேடைக்காரர்.

"வெள்ளோட்டம் சார்" என்றார் அதிகாரி. "ஆளை இறக்கறதுக்கு முன்னாடி, ஆளோட எடைக்கு மணலை வச்சு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுவோம். இது உங்களது. எழுபத்திரண்டு கிலோ."

"நான் அறுபத்..."

"எழுதியாச்சு."

ஆளே இல்லாத ஒன்றையும் சேர்த்துப் பத்து நாற்காலிகள், கரைக்கு இறங்கும் சாய்பாலத்தில் வரிசையாகப் போயின. ஜன்னல் கண்ணாடி வழியே இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி மூடிய கரையில், போர்த்திய தலைகள் பத்து, ஆடாமல் அசையாமல், ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. எடைமேடைக்காரருக்குத் தன்னை யாரோ தனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

வெள்ளோட்டத்தில் பதினோரு கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் அலுவலர். எல்லாம் முடிய ஐந்து மணி ஐம்பது நிமிஷம் ஆகும்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கே, சும்மா இறங்கிட்டு ஏறிடறேனே" என்றார் இவர்.

"இறங்கவே இருபது நிமிஷம் ஆகும் சார். இறங்கி முடியாம எப்படி ஏறுவீங்க?" அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

மாலையில் கதவுக்கு அடியில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். நீரூற்றுக்கு முன்னால் பதினாலாம் எண் நாற்காலி. அதில் சாம்பல் துணி போர்த்திய மூட்டை. கூடவே ஓர் அறிக்கை: 'பயணி அமைதியாக இருந்தார். காட்சிகளை ஒத்துழைப்புடன் கண்டார். எந்தக் குறையும் தெரிவிக்கவில்லை.'

"பரவால்லப்பா, வீட்டைவிட இங்க நல்ல பேரு வாங்கிட்ட" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு படத்தைத் திருப்பி, முகம் கீழே இருக்கும்படி மேஜையில் வைத்துவிட்டாள்.

நாற்காலிகள் திரும்பியதும் ஆட்கள் நாற்காலிக்கு வந்துவிடுவார்கள்; மூட்டைகள் சோபாவுக்குப் போய்விடும். அடுத்த துறைமுகம் வரைக்கும் அவை அங்கேயே, துணி போர்த்தியபடி, இவர்களோடேயே உட்கார்ந்திருக்கும். சாயங்கால வெளிச்சத்தில் எது ஆள், எது மூட்டை என்று தெரியாது. மறுநாள் எடைமேடைக்காரர் குளிருக்குக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார். துடைக்கிற பெண் வந்து, சோபாவைத் துடைத்து, மூட்டைகளைத் தட்டி, அப்படியே இவர் தோளையும் இரண்டு தட்டுத் தட்டி, காதோரம் துடைத்துவிட்டுப் போனாள். இவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டாள். கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தார். யார் என்று சொல்வது? நான் எழுபத்திரண்டா அறுபத்தெட்டா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறை வந்தது.

"பழகிடும்" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர். நன்றாக நடக்கிறவர், ஆனாலும் மண்டபத்திலேயே இருப்பார். இது அவருக்கு நாலாவது பயணம்.

"உங்க வீட்டுக்காரருக்காக வந்திருக்கீங்களா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா. அதோ, ஒன்பதாம் நம்பர் நாற்காலி. அறுபத்தோரு கிலோ."

"அவர் எங்க? ரூம்லயா?"

"ரெண்டாவது பயணத்துலயே இறந்துட்டாரு." டீச்சர் பையிலிருந்து புகைப்படங்களை எடுத்து மடியில் அடுக்கினார். கலங்கரை விளக்கம், பூங்கா, கோட்டை வாசல்; எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே போர்த்திய உருவம். "உயிரோட இருந்தப்ப ஒரு துறைமுகத்தையும் பாக்க விடல. செத்த பிறகு ஒண்ணு விடாம பாக்கறாரு. பட்டியல்லேருந்து எடுக்கணும்னா அவர் கையெழுத்து வேணுமாம்."

"நீங்க எதுக்கு டீச்சர் திரும்பத் திரும்ப வர்றீங்க?"

"அவரைத் தனியா அனுப்ப மனசு வரல." படங்களைத் திரும்பக் கட்டினார். "கிறுக்குன்னு நினைக்காத. மணல்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நாற்காலி திரும்பி வரும்போது சக்கரத்துல ஈரம் இருக்கும். அதைத் தொட்டுப் பாப்பேன்."

அன்றைக்கு மத்தியானமே ஒரு விழா நடந்தது. அதிக முறை கரை கண்ட பயணிக்குக் கேப்டன் கையால் பதக்கம். கேப்டனுக்கு வேலை இருந்ததால் அவருடைய தொப்பியை அனுப்பியிருந்தார். அதிகாரி ஒன்பதாம் எண் நாற்காலியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, பதக்கத்தை மூட்டையின் கழுத்தில் போட்டார்.

"இருபத்தஞ்சு முறை! ஒரு தடவைகூட 'எனக்கு வெயில் அடிக்குது', 'பாத்ரூம் போகணும்', 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே'ன்னு கேட்டதில்ல. எங்க பிரிவு யாருக்காக உருவாச்சோ, அந்தப் பயணி இவர்தான். மத்தவங்களும் முயற்சி பண்ணா இந்த நிலைக்கு வரலாம்."

எடைமேடைக்காரரின் கையை மகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது துறைமுகத்திலும் மூட்டைதான் போனது. இரண்டாவது புகைப்படமும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் கரைப் பயண மேஜைக்குப் போனார்கள்.

"வெள்ளோட்டம்தான் ரெண்டு தடவை ஆச்சே. மூணாவதுல அப்பாவை இறக்கிடுவீங்கல்ல? அத்தை வந்து நிப்பாங்க."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். முகம் மாறியது. "அடடா. இவர் ரெண்டு தடவை கரைக்குப் போய்ட்டு வந்திருக்காரே."

"போனது மணலுங்க."

"நாற்காலி போயிருக்கு. எடை போயிருக்கு. அட்டை போயிருக்கு. அறிக்கையில பயணின்னுதான் எழுதியிருக்கு. நீங்க போகலைன்னு நீங்கதான் சொல்றீங்க, வேற யாரு சொல்றா? அடுத்தடுத்து ரெண்டு தடவை போன பயணிக்கு மூணாவது துறைமுகத்துல கட்டாய ஓய்வு. உங்க உடம்புக்காகத்தான் சார்."

"சரி, என்னை விடுங்க. அக்காவைக் கப்பலுக்குள்ள கூட்டிட்டு வந்து காட்டுங்க."

"பயணி இல்லாதவங்க ஏற முடியாது."

"ஜன்னலையாவது திறப்பீங்களா?"

"அது ஜன்னல் இல்ல சார். சுவர். கண்ணாடியில செஞ்சது."

மகள் வாயைத் திறந்தாள். இவர் அவள் கையைத் தட்டி அடக்கினார். அப்புறம் அவர் கேட்டதைக் கேளுங்கள், கண்ணுகளா. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, "அப்ப மூட்டையாவது போகட்டும்ங்க" என்றார். "ஒண்ணுமே வரலைன்னா எங்க அக்கா தாங்க மாட்டா. நாற்காலியாவது கண்ணுல படட்டும்."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிவு ஆரம்பித்த பதினோரு வருஷத்தில் முறையின் அருமையைப் புரிந்துகொண்ட முதல் பயணி இவர்தான் என்றார். பயணி ஓய்வில், எடை மட்டும் கரைக்கு என்று தனி விண்ணப்பம் தன் கையாலேயே எழுதி, மூன்று முத்திரை குத்தினார்.

திரும்பி வந்ததும் டீச்சரிடம் சொன்னார்கள். டீச்சர் கொஞ்ச நேரம் கணக்குப் போடுகிற மாதிரி மேலே பார்த்தார்.

"ஆக, நாளைக்கு மூட்டை போறது உறுதி."

"உறுதி."

"இனி எது மூட்டைங்கறதுதான் பாக்கி."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைச் சுற்றி பத்து சாம்பல் தலைகள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"மாட்டிக்கிட்டா?" என்றாள் மகள்.

"என்ன பண்ணுவாங்க, இறக்கி விட்ருவாங்களா?" என்றார் எடைமேடைக்காரர். ஏறின நாளிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

ஒரு சிக்கல் இருந்தது. சாய்பாலத்தின் தலைப்பில் ஓர் எடைமேடை. நாற்காலியும் மூட்டையும் சேர்ந்து சரியாகத் தொண்ணூற்றிரண்டு காட்ட வேண்டும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு. நாற்காலி இருபது. இவர் அறுபத்தெட்டு.

"நாலு கிலோ குறையுது. அந்தப் பையைத் திரும்ப மடியில வச்சுக்கலாமே" என்றாள் மகள்.

"அதுல பாதி மாத்திரையை முழுங்கிட்டேன். பிளாஸ்க் காலி. சால்வையோட சேத்து ஒரு கிலோகூடத் தேறாது." லாரிக்காரர்களின் தில்லுமுல்லு அத்தனையும் முப்பத்தோரு வருஷம் பிடித்தவர் ஆயிற்றே, எடை ஏற்றுவதைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

டீச்சர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கனத்த மேல்கோட்டு, இரண்டு ஜோடி தோல் செருப்பு. வீட்டுக்காரருடையவை. "கரைக்குப் போனா வேணும்னு கொண்டுவந்தாரு. ஒரு தடவையும் மண்ணுல படல."

கோட்டையும் செருப்புகளையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார் எடைமேடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டார். "சால்வையோட சேத்து மூணு எண்ணூறு."

"இன்னும் இருநூறு கிராம்?"

"காலையில ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுக்கறேன்."

விடிந்தது. தீவு தெரிந்தது. மூட்டை தூக்குகிறவர் வருவதற்கு முன்னால், மகள் அப்பாவுடைய ஸ்வெட்டரையும் தொப்பியையும் மூட்டைக்குப் போட்டு சோபாவில், ஜன்னலோரமாகச் சாய்த்து வைத்தாள். தொப்பியைச் சரிசெய்துவிட்டு, தன்னை அறியாமல் அதன் கன்னத்தைத் தடவிவிட்டாள். பிறகு திரும்பி, நாற்காலியில் இருந்த அப்பாவின் தலைக்கு மேலே சாம்பல் துணியை இழுத்துவிட்டாள். செத்தவர்களுக்குத்தானே அப்படி மூடுவோம்.

"மூச்சு விடறதுக்கு இடம் இருக்காப்பா?"

"மூட்டைகிட்டப் பேசாத" என்றது துணி.

எடைமேடையில் ஏற்றினார்கள். உள்ளே இருட்டில் இருந்தாலும் முள் போய் நிற்கிற சத்தம் அவருக்குத் தெரியும். ஒரு துள்ளல், அரைத் துள்ளல், நின்றது. தொண்ணூற்றிரண்டு. வேலையிலிருந்த காலத்தில்கூட இவ்வளவு துல்லியமாக ஒரு வண்டியும் வந்ததில்லை.

"இந்த மூட்டை கதகதன்னு இருக்குங்க" என்றார் மூட்டை தூக்குகிறவர்.

"வெயில்ல வச்சிருப்பீங்க" என்றார் அதிகாரி.

"மூச்சு விடற மாதிரி..."

"அதைப் பாக்கறது ஏழாவது கட்டம். உங்க வேலை நாலாவதோட முடிஞ்சுது."

சக்கரம் பலகையில் உருண்டது. பிறகு கல்லில். பிறகு வேறு ஏதோ மெத்தென்று. கரை. துணிக்குள் அந்த வாசனை வந்தது. கடலுக்கும் மண்ணுக்கும் நடுவிலான ஈர வாசனை. மின்விசிறிக்கு அது தெரியாது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மூட்டை அழக் கூடாது.

மற்ற நாற்காலிகளைக் கலங்கரை விளக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓய்வு விண்ணப்பத்தில் போன பதினாலுக்குத் தாங்கும் சோதனை மட்டும்: கரையோரப் பெஞ்சுக்குப் பக்கத்தில், நாற்பது நிமிஷம், அசையாமல். மூட்டை தூக்குகிறவர் பின்னால் நின்றார். அதிகாரி கடிகாரத்தோடு எதிரே நின்றார்.

தடி தட்டுகிற சத்தம் வந்தது.

"இது கப்பல்லேருந்து வந்ததா தம்பி? பதினாலாம் நம்பர்னு என் மருமக போன்ல சொன்னா. எங்க ஆளு எங்க?"

அக்கா. குரல் போனில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது.

"உங்க தம்பி கப்பல்ல ஓய்வுல இருக்காரும்மா. அதோ, ஏழாவது மாடி ஜன்னல்ல தொப்பி தெரியுதுல்ல? அவர்தான். இது அவரோட எடை."

"எடையா?"

"எழுபத்திரண்டு கிலோ மணல்."

அக்கா தடியால் நாற்காலிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள். "அவ்வளவு தூரம் கொண்டு வந்தீங்களே, மணலை. இங்க இல்லாததா?" என்றாள் பிறகு. பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். அந்த மூச்சின் சத்தம் அவருக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் கேட்டது. டாக்டர் சொன்னது உண்மைதான் என்று அந்த மூச்சிலேயே தெரிந்துவிட்டது.

அவர் யோசிக்கவில்லை. துணியின் ஓரத்தில் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். கத்தவில்லை. தன் சேலைத் தலைப்பை இழுத்து அதன் மேலே போட்டாள். உள்ளே தன் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பிடிக்கிறாள், கையில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனால் பிடி மட்டும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்போது இருந்த அதே பிடி.

பிறகு அக்கா அதிகாரியிடம் பேச ஆரம்பித்தாள். அவரையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தம்பி, ரொம்ப இளைச்சுட்டீங்க."

"நானா? இல்லையேம்மா" என்றார் அதிகாரி, வயிற்றைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு அப்படித்தான் தெரியுது. வேளைக்குச் சாப்பிடறது இல்ல போல. மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறீங்களா? எனக்கு ஒரு தம்பி இருக்கான், பொய்யா சொல்லுவான், போட்டேன்னு. சின்ன வயசுல காய்ச்சல் மருந்தை ஜன்னல் வழியா ஊத்தினவன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கான்."

தலைப்புக்குள் அவர் விரல் துடித்தது.

"கால் போச்சுன்னு எங்கிட்ட எட்டு மாசம் சொல்லல தம்பி. அதுக்காக நான் கோவிச்சுக்கிட்டேன், போனை எடுக்கல. அது தப்பு. எனக்கு அப்பவே தெரியும் தப்புன்னு. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லிட்டேன்."

"சொல்லுங்கம்மா, பரவாயில்ல" என்றார் அதிகாரி. தன்னிடம் யாரும் இவ்வளவு பிரியமாகப் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கடிகாரத்தைக்கூட இரண்டு தடவை பார்க்க மறந்துவிட்டார்.

நாற்பது நிமிஷம் முடிந்தது. "எடுங்க" என்றார். மூட்டை தூக்குகிறவர் தள்ளினார். நாற்காலி போகவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். சேலைத் தலைப்பு சரிந்தது. இரண்டு கைகள் கோத்தபடி வெளிச்சத்தில் கிடந்தன.

அதிகாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தார். கைக்குத் தாளில் இடம் இல்லை.

"ஐயா, நான்தான்" என்றது துணி.

அதிகாரி வெளிறிப்போய்க் கைபேசியை எடுத்தார். "பதினாலாம் நம்பர் பயணி மண்டபத்துல இருக்காரா, பாருங்க... இருக்காரா? நல்லாப் பாத்தீங்களா? எப்படி இருக்காரு?" கேட்டுக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது. கைபேசியை வைத்துவிட்டு, கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னார்: "பயணி கப்பல்ல இருக்காரு. ஜன்னலோரமா, அமைதியா, ஒத்துழைப்போட இருக்காரு. ஆக, இது மூட்டை."

"பேசுதே சார்!" என்றார் மூட்டை தூக்குகிறவர்.

"இது ஆளுன்னு நான் எழுதினா, ஒரு பயணி கரைக்கு வந்துட்டாருன்னு ஆகும். பதினோரு வருஷத்துல அப்படி ஒரு அசம்பாவிதம் நடந்ததே இல்ல. என் காலத்துல நடக்கவும் விட மாட்டேன்." அவர் எழுத ஆரம்பித்தார். "மூட்டையில் பிதுக்கம். ஒரு பக்கம் தையல் விட்டிருக்கிறது. சேதமான மூட்டையைத் திரும்பக் கப்பலில் ஏற்றக் கூடாது, கரையிலேயே விட்டுவிட வேண்டும். விதி முப்பத்து நாலு." நிமிர்ந்தார். "நாற்காலி மட்டும் போதும்."

மூட்டை தூக்குகிறவர் குனிந்தார். வாரை அவிழ்த்தார். எந்த மூட்டையையும் அவர் அப்படித் தூக்கி நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை இருக்கிற காலுக்கு. பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்கி, சாம்பல் துணியைத் தலையிலிருந்து எடுத்து மடித்தார். "வரேன் சார்" என்றார் தாழ்ந்த குரலில். அதிகாரி அதற்குள் முதுகைத் திருப்பிக்கொண்டுவிட்டார். பார்த்துவிட்டால் எழுத வேண்டி வருமே.

எடைமேடைக்காரர் முதலில் செய்தது, மடியிலிருந்த இரண்டு ஜோடி செருப்பையும் எடுத்து மண்ணில் வைத்ததுதான். பக்கத்தில் பக்கத்தில், ஊரைப் பார்த்து. மேலே ஏழாவது தளத்தில் டீச்சர் கண்ணாடிச் சுவரில் நெற்றியை வைத்து நிற்பது தெரிந்தது.

மற்ற நாற்காலிகளும் திரும்பிய பிறகு கப்பல் ஊதியது. எல்லாரும் ஏறிவிட்டார்கள், ஒருவரும் குறையவில்லை என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கரை வரைக்கும் கேட்டது. நகர ஆரம்பித்தபோது ஜன்னலோரத் தொப்பியும் நகர்ந்தது. அதன் பக்கத்தில் மகள். இரண்டு கையையும் ஆட்டினாள். வாயசைவில் 'படகுல வரேன்' என்று சொன்ன மாதிரி இருந்தது; நாலு பேர் தூக்கி இறக்குகிற அந்தச் சரக்குப் படகுதான். பிறகு மூட்டையின் ஸ்வெட்டர் கையைப் பிடித்து, அதையும் ஆட்டினாள்.

அவர் தன் கையைத் தூக்கினார். அங்கே போகிற தனக்கு இங்கிருந்து கை காட்டினார்.

"அக்கா, அதுல போறது யாரு?"

அக்கா கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். "யாரோ. எனக்குத் தெரியாத ஆளு."

"ஒருவேளை அவன்தான் நானோ என்னவோ. அங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"காதைக் கொண்டா." பிடித்துத் திருகினாள். பலம் இல்லை, ஆனாலும் வலிக்கத்தான் செய்தது. "அவனுக்கு வலிக்குமா?"

"வலிக்காது."

"அப்ப போகட்டும்."

சால்வையை எடுத்து அவள் மேலே போர்த்திவிட்டார். கப்பல் பனிக்குள் போய்க் கரைந்தது. கரையில் வேறு யாரும் இல்லை. வீட்டுக்குப் போக ஒரு தள்ளுவண்டி பார்க்க வேண்டும், யாரையாவது கூப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் அவசரம் இல்லை.

"டாக்டர் எத்தனை நாள்னு சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஏதோ எழுதிக் குடுத்தாரு. எழுதினவங்க பாத்துக்கட்டும். நீ சாஞ்சுக்கோ, முதுகு வலிக்கும்."

அவர் சாய்ந்தார். அக்கா கொஞ்சம் நகர்ந்து, காலை அகட்டி ஊன்றி, தாங்கிக்கொண்டாள்.